ஹக்கின்டோஷுக்கு எந்தக் கேபிள், எந்த எஸ்எஸ்டி: டிஸ்ப்ளேபோர்ட்டும் எச்டிஎம்ஐயும், சாட்டாவும் என்விஎம்ஈயும்

வெள்ளவத்தையில எங்கட வட்டத்தில ஹக்கின்டோஷ் (அப்பிள் செய்யாத பிசியில மக்ஓஎஸ் ஓடுறது) கட்டிப் பாவிக்கிற மூண்டு நாலு பேர் இருக்கிறம், மாறி மாறிக் கேக்கிற கேள்வி ஒண்டுதான், ஸ்கிரீன் கறுப்பா நிக்குது, பூட் ஆக ரெண்டு நிமிசம் எடுக்குது, எதை மாத்திறது எண்டு. என்னட்ட இருக்கிறது ஐ5 10400 சிபியூ, ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்ட், மக்ஓஎஸ்ஸை ஏத்திற பூட்லோடர் ஒப்பன்கோர். பழைய பூட்லோடரான குளோவரா ஒப்பன்கோரா எண்டு இனி யோசிக்கத் தேவையில்லை, ஒப்பன்கோர்தான்.

முதல்ல கேபிள், ஏனெண்டா ஆக்கள் அதைத்தான் கடைசியாச் சந்தேகப்படுறவை.

எச்டிஎம்ஐ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலயும் கிடைக்கும், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலயும் கிடைக்கும், அதுதான் அதின்ர பெரிய பலம். ஆனா 4கே மொனிட்டரை மதர்போர்ட்டில இருக்கிற எச்டிஎம்ஐயில குத்தினா, 10ஆம் தலைமுறை இன்டெல்லின்ர உள் கிராஃபிக்ஸ் யூஎச்டி 630 நேரடியாக் குடுக்கிறது எச்டிஎம்ஐ 1.4 தான், அப்ப 4கேயில 30 ஹெர்ட்ஸுக்கு மேல வராது, மவுஸ் இழுபடுறது கண்ணுக்கே தெரியும். அதே சிப் டிஸ்ப்ளேபோர்ட் வழியா 4கே 60 குடுக்கும். ஆர்எக்ஸ் 580 இல எச்டிஎம்ஐ 2.0 இருக்கிறதால அதில 60 வரும், ஆனா செக்கனுக்கு 18 கிகாபிட் தாங்கிற கேபிள் வேணும். கடையில 2.0 கேபிள், 2.1 கேபிள் எண்டு சொல்லித் தருவினம், கேபிளுக்கு உண்மையில அப்பிடி நம்பர் இல்லை, பெட்டியில பிரீமியம் ஹைஸ்பீட் எண்ட லேபிள் இருக்கோ எண்டு பாருங்கோ.

இன்னொண்டு நிறம். சில மொனிட்டரை எச்டிஎம்ஐயில குத்தினா மக்ஓஎஸ் அதை டிவி எண்டு நினைச்சு ஆர்ஜிபிக்குப் பதிலா வேற நிற முறையில அனுப்பும், எழுத்து ஓரம் எல்லாம் மங்கலா, நிறம் வெளிறின மாதிரித் தெரியும். ஈடிஐடியை (மொனிட்டர் தன்னைப் பற்றி மெஷினுக்குச் சொல்லுற தகவல்) மாத்தித் திருத்தலாம், ஆனா நேரடி டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில இந்தத் தலையிடி அநேகமா வராது. 1080பி மொனிட்டரில எழுத்து மெல்லிசாத் தெரியிறது வேற விசயம், 2018இல மக்ஓஎஸ் மொஹாவியோட அப்பிள், எழுத்து ஓரத்தை மென்மையாக்கிற சப்பிக்சல் ஸ்மூதிங்கை எடுத்துப்போட்டுது, அதுக்குக் கேபிள் மாத்திப் பிரயோசனம் இல்லை.

அடப்டர் வாங்கிற ஆக்களுக்கு: கார்ட்டில டிஸ்ப்ளேபோர்ட், மொனிட்டரில எச்டிஎம்ஐ எண்டா சின்ன அடப்டரே போதும். மறுவளமா, கார்ட்டில எச்டிஎம்ஐ மொனிட்டரில டிஸ்ப்ளேபோர்ட் எண்டா அந்த அடப்டர் வேலை செய்யாது, கரண்ட் எடுக்கிற ஆக்டிவ் கன்வேர்ட்டர்தான் வேணும்.

அப்ப டிஸ்ப்ளேபோர்ட்தான் நல்லதெண்டு நானும் மலிவா ஒரு கேபிள் வாங்கினன், எந்தக் கடை எண்டு சொல்லேல்ல. அதுக்குப் பிறகு மெஷின் ஒரு நாள் ஒழுங்கா எழும்பும், ஒரு நாள் பவர் பட்டனை அமத்தினா ஃபான் சுத்தும், திரையில ஒண்டும் இல்லை, பயோஸ் லோகோ கூட வராது. நான் ஒப்பன்கோர்தான் பிழை எண்டு நினைச்சு ரெண்டு வார இறுதி முழுக்க கெக்ஸ்ட் (மக்ஓஎஸ்ஸின்ர ட்ரைவர் ஃபைல்) மாத்தி, கான்ஃபிக் ஃபைலைப் புதுசா எழுதி, இதெல்லாம் இருக்கிற ஈஎஃப்ஐ போல்டரை அழிச்சுத் திரும்பப் போட்டு, ஒண்டும் சரிவரேல்ல. மேல் மாடியில டிவி திருத்திற அண்ணை ஒராள் இருக்கிறார், அவர் வந்து பாத்திட்டு, "தம்பி, பூட்லோடர் வாறதுக்கு முதலே நிக்குதெண்டா அதில கை வைச்சு என்ன, மொனிட்டர் கேபிளைக் கழட்டிப்போட்டு ஒருக்காப் போட்டுப் பாரும்" எண்டார். கழட்டினன், உடனே எழும்பிச்சுது.

விசயம் இதுதான். டிஸ்ப்ளேபோர்ட்டில 20ஆவது பின் 3.3 வோல்ட் பவருக்குரியது, சாதாரண கேபிளில அது ரெண்டு முனையையும் இணைக்கக் கூடாது எண்டுதான் டிஸ்ப்ளேபோர்ட்டை வகுத்த வேசா அமைப்பின்ர தரம் சொல்லுது. சில மலிவுக் கேபிளில அதையும் சேத்து இணைச்சிருப்பாங்கள், அப்ப மொனிட்டரில இருந்து கரண்ட் திரும்பிக் கார்ட்டுக்குள்ள வரும், மெஷின் எழும்பேக்க குழம்பும். பாக்கிறதுக்கு ஒரு வழி: மொனிட்டர் ஓனில இருக்கட்டும், கேசின்ர பிளக்கைச் சுவரில இருந்து கழட்டிப்போட்டு அரை நிமிசம் பொறுங்கோ, போர்ட்டிலயோ கார்ட்டிலயோ லைட் அணையாம மினுங்கினா அந்தக் கேபிளை எறியுங்கோ. என்னைக் கேட்டா வேசா அங்கீகாரம் இருக்கிற டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்தான் முதல் தெரிவு, அது கிடைக்கேல்ல எண்டா நல்ல எச்டிஎம்ஐ, மலிவு டிஸ்ப்ளேபோர்ட் வேண்டவே வேண்டாம்.

இனி உள் கிராஃபிக்ஸா கார்ட்டா. பயோஸ் லோகோ வருது, அப்பிள் லோகோவும் வருது, பார் பாதியில திரை கறுக்குது எண்டா அது கேபிள் இல்லை. கீபோர்ட்டில கப்ஸ் லொக்கைத் தட்டுங்கோ, லைட் மாறினா மெஷின் உயிரோட இருக்கு, படம்தான் வெளிய வரேல்ல. யூஎச்டி 630 இல எண்டா கனெக்டர் பட்ச் பிழை, எந்த போர்ட் எச்டிஎம்ஐ எந்த போர்ட் டிஸ்ப்ளேபோர்ட் எண்டு ஒவ்வொண்டாச் சொல்லிக் குடுக்கவேணும், பொறுமை வேணும். ஆர்எக்ஸ் 580 இல இந்த வேலையே இல்லை, வட்ஸெவர்கிரீன் எண்ட கெக்ஸ்டைப் போட்டாப் படம் வந்திடும். ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசை எண்டா ஒப்பன்கோர் கான்ஃபிக்கில பிகேரா எண்ட பூட் ஆர்க்கியூமென்ட் போடவேணும், போடாட்டி கறுப்புத்தான். கடையில புதுசெண்டு 6700 எக்ஸ்டி, 7000 வரிசை, என்விடியா ஆர்டிஎக்ஸ் காட்டினா வாங்காதீங்கோ, மக்ஓஎஸ்ஸில அதுகளுக்கு ட்ரைவர் இல்லை. முடிவில எஃப் எண்டு இருக்கிற சிபியூ மலிவுதான், ஆனா உள் கிராஃபிக்ஸ் இல்லை, கார்ட்டில பிரச்சினை வந்தா மாத்திக் குத்திப் பாக்க வேற போர்ட்டே இராது.

பூட் நேரம். 2022இல ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம் கரண்ட் போன காலத்திலதான் இது எனக்குப் பெரிசாத் தெரிஞ்சுது, யூபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும், பிறகு திரும்பத் திரும்ப பூட். சாட்டா எஸ்எஸ்டியில இருந்து அதைவிட வேகமான என்விஎம்ஈ எஸ்எஸ்டிக்கு மாறினா ஃபைல் கொப்பி பண்ணுறது பல மடங்கு வேகம், ஆனா பூட் நேரம் அவ்வளவு குறையாது, எனக்குப் பத்துச் செக்கன் அளவுதான் குறைஞ்சுது. சில என்விஎம்ஈயில கூடவும் செய்யும். மொன்டரே வேர்ஷனில இருந்து மக்ஓஎஸ் பூட் ஆகேக்க முழு டிரிம்மையும் (எஸ்எஸ்டியில காலியான இடத்தைத் துப்புரவாக்கிறது) முடிச்சிட்டுத்தான் போகும், சாம்சங் கண்ட்ரோலர்களில இது மெதுவா நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். ஒப்பன்கோரில டிரிம் டைம்அவுட்டை 0 ஆக்கினா பூட் வேகமாகும், ஆனா பூட் ஆகேக்க நடக்கிற டிரிம் நிண்டுபோகும், நாளடைவில எழுதிற வேகம் குறையலாம். நான் அதை விரும்பேல்ல. பூட்டுக்கு மட்டும்தான் எண்டா சாதாரண சாட்டாவே போதும், வீடியோ எடிட் பண்ணுறவை டபிள்யூடி பிளாக் மாதிரி ஒண்டைப் பாருங்கோ.

காசு செலவழிக்க முதல் ஒப்பன்கோர் ரிலீஸ் வேர்ஷன்தானோ டீபக் வேர்ஷனோ எண்டு பாருங்கோ, டீபக்கில லொக் எழுதியே நேரம் போகும். வேர்போசையும் (பூட்டில எழுத்து ஓடுறது) நிப்பாட்டுங்கோ, பிக்கர் (எதை பூட் பண்ணுறது எண்டு கேக்கிற மெனு) டைம்அவுட்டைக் குறையுங்கோ, பயோஸில சிஎஸ்எம்மை (பழைய முறை பூட்) ஓஃப் பண்ணுங்கோ. புது மெஷின் கட்டப்போறன் எண்டு நிக்கிறவைக்கு மட்டும் ஒண்டு: இன்டெல்லுக்கு வாற கடைசி மக்ஓஎஸ் டஹோ எண்டு 2025 ஜூனில அப்பிளே சொல்லிப்போட்டுது, அதால இருக்கிற மெஷினுக்குக் கேபிள் மாத்துங்கோ, எஸ்எஸ்டி மாத்துங்கோ, இதுக்கெண்டே புதுசா மதர்போர்ட் வாங்காதீங்கோ.