ரிபாவிரின் தந்த குருதிச்சோகை: ஒரு முழுச் சிகிச்சையின் அனுபவம்

நாட்பட்ட ஹெபடைற்றிஸ் சி நோய்க்கு வாரம் ஒரு பெக்-இன்ரர்பெரோன் ஊசியும் நாள்தோறும் ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்புக் குளிசையுமாக 48 வாரச் சிகிச்சையை யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே முடித்தவன் நான். ஊசி தந்த காய்ச்சலும் உடல் உளைவும் சில வாரங்களில் பழகிவிட்டன. கடைசிவரை கூடவே வந்தது குருதிச்சோகைதான் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சிகிச்சை தொடங்கும்போது என் ஈமோகுளோபின் (டெசிலீற்றருக்குக் கிராம் கணக்கில்) 14.2 ஆக இருந்தது. உடல் நிறை 75 கிலோவுக்குக் குறைவு என்பதால் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் ரிபாவிரின் தரப்பட்டது. 200 மில்லிகிராம் குளிசைகள் காலையில் இரண்டு, இரவில் மூன்று, இரண்டு வேளையும் சாப்பாட்டோடு. நான்காம் வாரப் பரிசோதனையில் ஈமோகுளோபின் 10.8க்கு இறங்கியிருந்தது. அதற்கு முன்னரே உடம்பு சொல்லத் தொடங்கிவிட்டது. சோளகம் வீசும் நாளில் பண்ணைப் பாலத்தில் சைக்கிளை மிதிக்க முடியாமல் இறங்கி உருட்டிக்கொண்டு போனேன்.

செய்தி தெரிந்ததும் உறவுக்காரர்கள் முருங்கையிலை, ஆட்டீரல், எள்ளுருண்டை என்று கொண்டுவரத் தொடங்கினார்கள். அன்போடு தந்ததைச் சாப்பிட்டேன். ஆனால் ஈமோகுளோபின் அசையவில்லை. அசையக் காரணமும் இல்லை. இது இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையன்று. ரிபாவிரின் செங்குழியங்களுக்குள் புகுந்து பொசுபேற்று ஏற்றப்பட்ட வடிவத்துக்கு மாறுகிறது. அதை மீண்டும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து வெளியேற்றத் தேவையான நொதியங்கள் அக்கலங்களில் இல்லாததால் மருந்து உள்ளேயே சேர்ந்து, கலத்தின் சக்தியைக் குறைத்து, அதன் மென்சவ்வைப் பழுதாக்குகிறது. பழுதான கலங்களை உடல் காலத்துக்கு முன்பே அழித்துவிடுகிறது. வழக்கமாகச் செங்குழியங்களை உண்டாக்கும் என்பு மச்சை விரைந்து புதியவற்றை ஆக்கி ஈடுசெய்யும். இங்கே இன்ரர்பெரோன் அந்த மச்சையையும் அடக்கி வைத்திருக்கிறது. “சேர், இரும்புக் குளிசை வாங்கிப் போடாதேங்கோ, உங்களுக்கு ஃபெரிற்றின் ஏற்கெனவே கூட” என்று கிளினிக்கில் வைத்தியர் சொன்னார். ஃபெரிற்றின் என்பது உடலில் சேமித்துள்ள இரும்பைக் காட்டும் அளவு. ஹெபடைற்றிஸ் சி உள்ளவர்கள் சிலருக்கு ஈரலிலேயே இரும்பு மிகையாகத் தேங்குவதுண்டு. அளந்து பார்க்காமல் மேலும் இரும்பு ஏற்றுவது ஈரலுக்கு நல்லதல்ல.

கண்வெள்ளையில் இலேசான மஞ்சளும் தெரிந்தது. அயலவர்கள் நோய் முற்றிவிட்டதென்று பயந்தார்கள். செங்குழியங்கள் உடைவதால் மறைமுகப் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் கூடியதே காரணம் என்பதை ஈரல் பரிசோதனைகள் காட்டின.

இச்சோகையைச் சமாளிக்க உண்மையில் உதவியவை ஒழுங்கான பரிசோதனையும் அளவுக் குறைப்புமே. இதய நோய் இல்லாதவருக்கு ஈமோகுளோபின் 10க்குக் கீழே போனால் ரிபாவிரினை நாளுக்கு 600 மில்லிகிராமாகக் குறைப்பதும், 8.5க்குக் கீழே போனால் நிறுத்துவதும் அக்காலத்து வழிமுறை. இதய நோய் உள்ளவருக்கு நான்கு வாரத்துக்குள் 2 கிராம் இறங்கினாலே குறைக்க வேண்டும். எனக்கு 9.6 வந்தபோது 600 ஆக்கினார்கள். ஆனாலும் உடனே பலன் தெரியவில்லை. செங்குழியங்களில் தேங்கிய மருந்து வடிய வாரக்கணக்காகும். கொஞ்சம் கொஞ்சமாக 10.5 அளவுக்கு ஏறி அங்கேயே நின்றது. செங்குழிய ஆக்கத்தைத் தூண்டும் எரித்திரோபொயெற்றின் ஊசி பற்றியும் பேச்சு வந்தது. அது ஈமோகுளோபினை ஏற்றும், களைப்பையும் குறைக்கும். ஆனால் விலை அதிகம், குருதி உறையும் ஆபத்தும் உண்டு. அளவுக் குறைப்பே போதுமாக இருந்ததால் அது தேவைப்படவில்லை. களைப்புத் தாங்காமல் வைத்தியருக்குச் சொல்லாமலே குளிசையைக் கைவிடுவதுதான் எனக்குத் தெரிந்து மிக மோசமான வழி, ஏனெனில் மொத்தத்தில் போய்ச்சேரும் மருந்து மிகவும் குறைந்தால் வைரஸ் திரும்பி வரும் வாய்ப்புக் கூடுகிறது.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, நம் ஊரில் அவர்கள் குறைவில்லை என்பதால், சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. எனக்கும் நீரிழிவு உண்டு. சிகிச்சைக்கு முன் 7.4 ஆக இருந்த என் எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் குருதிப் பரிசோதனை) இடைநடுவில் 5.3 என்று வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் வெறுவயிற்றுச் சீனி 150க்கு மேலேயே நின்றது. எச்பிஏ1சி என்பது செங்குழியம் வாழும் காலமெல்லாம் அதில் ஒட்டிச் சேரும் சீனியின் அளவு. வழக்கமாக ஏறக்குறைய 120 நாள் வாழும் கலம் பாதியில் அழிந்தால், சீனி ஒட்டப் போதிய காலம் கிடைப்பதில்லை, எண் பொய்யாகக் குறைகிறது. அதை நம்பி நீரிழிவு மருந்தைக் குறைக்காமல், வெறுவயிற்றுச் சீனியையும் சாப்பாட்டுக்குப் பின் சீனியையும் பார்த்தே வைத்தியர் முடிவெடுத்தார்.

இன்று சோபொஸ்புவிர்-வெல்பற்றாஸ்விர் போன்ற குளிசைகளால் பெரும்பாலானோருக்கு 12 வாரத்தில், இன்ரர்பெரோனும் ரிபாவிரினும் இல்லாமலே குணம் கிடைக்கிறது. ஆயினும் ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் சேர்ந்த நிலையிலுள்ளவர்களுக்கு ரிபாவிரினை இன்னும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். சோகையை மிகக் குறைவாகத் தாங்கக்கூடியவர்களும் அவர்களே. ஹெபடைற்றிஸ் பி நோய்க்குத் தெனோபோவிர் அல்லது என்ரெகாவிர் எடுப்பவர்கள் இதை வாசித்துக் கலங்க வேண்டியதில்லை. அம்மருந்துகள் செங்குழியங்களை இப்படி உடைப்பதில்லை. ரிபாவிரின் கருவைப் பாதிக்கும் என்பதால், கணவன் மனைவி இருவரில் யார் எடுத்தாலும் மருந்து முடிந்த பின்னரும் பல மாதங்களுக்குக் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

மருந்து நின்ற இரண்டாம் மாதத்தில் என் ஈமோகுளோபின் 13.5க்கு வந்துவிட்டது. எச்பிஏ1சியைப் பார்க்க மட்டும், புதிய செங்குழியங்கள் முழுக்காலமும் வாழ்ந்து வரட்டும் என்று இன்னும் சில மாதம் பொறுக்கச் சொன்னார்கள். அப்போது வந்தது 7.6.