மலையாளம் கற்பிக்கும் செயலி: மகனுக்கு ஊக்கம், அம்மாவுக்கு அச்சம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் வீட்டுக்குள் தமிழும் வெளியில் மலையாளமுமாக வாழும் எங்களுக்குப் பேருந்துப் பலகையைப் பிறர் துணையின்றி வாசிப்பது சிறிய காரியமன்று. ஆகையால் மலையாள எழுத்துகளை விளையாட்டு முறையில் கற்பிக்கும் ஒரு செயலியை அம்மாவும் மகனும் மூன்று மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறார்கள்.

பாடங்கள் அருமை. தமிழில் ஒற்றைக் ககரமாக இருப்பது மலையாளத்தில் நான்கு எழுத்துகளாகப் பிரிவதை, ஒலியைக் கேட்டு எழுத்தைத் தொடும் பயிற்சியாகவே அமைத்திருக்கிறார்கள்.

குறை விளையாட்டுப் பகுதியில்தான் இருக்கிறது. வாராந்தரத் தரவரிசைப் பட்டியல் பன்னிரண்டு வயது மகனைத் துள்ள வைக்கிறது. அதே பட்டியலின் கடைசியில் தன் பெயரைக் கண்ட அம்மாவோ இரண்டு நாள் கைப்பேசியைத் தொடவே இல்லை. பின்னர் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு, ‘உங்கள் தொடர் அறுந்துவிடும்’ (ஒரு நாளும் விடாமல் படித்துவந்த கணக்கு முறிந்துவிடும்) என்ற அறிவிப்பின் ஒலி கேட்டு, இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தவர் ஈரக்கையோடு பதறி ஓடிவந்தார்.

இணையத்தில் பலர் கூடி ஆடும் எழுத்துவழி விளையாட்டுகளை ஆராய்ந்த ரிச்சர்ட் பார்ட்டில், ஆடுவோரைச் சாதனை நாடுவோர், தேடி அறிவோர், பழகி மகிழ்வோர், பிறரை வீழ்த்த விரும்புவோர் என 1996-இலேயே வகைப்படுத்திவிட்டார். அவ்வகைகள் கற்றல் செயலிக்கு அப்படியே பொருந்தா என்றாலும், எல்லாரையும் ஒரே நுகத்தில் பூட்டுவது தவறு என்பது இங்கும் உண்மையே.

பட்டியலை மறைக்கும் வசதி அமைப்புகளின் அடியில் ஒளிந்திருக்கிறது. அதை மறைத்த பிறகு அம்மா தினமும் பத்து நிமிடம் அமைதியாகப் படிக்கிறார். சென்ற வாரம் சித்தூர்ப் பேருந்தின் பலகையைத் தாமே வாசித்து ஏறினார். நினைவூட்டல் நேரத்தை மாற்ற மட்டும் இன்னும் வழியில்லை. ஐந்துக்கு மூன்றரை.