170 வோல்ட்டில் ரிலே இழுக்குமா? ஒரே சர்க்யூட், ஐந்து சிமுலேட்டர்கள்

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும், தண்ணீர் கடைமடைக்கு வந்துசேரும்வரை குறுவை நாற்றைக் காப்பாற்றுவது போர்செட்தான். அந்த நாட்களில் ஊரிலுள்ள மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும். லைனின் கடைசிக் கம்பத்தில் இருக்கும் வீட்டில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 230 வோல்ட் இருக்காது. 180, சில சமயம் 170. தொட்டியின் தண்ணீர் அளவைப் பார்த்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும் வாட்டர் லெவல் கன்ட்ரோலர், மேஜையில் அழகாக வேலை செய்தாலும் அங்கேதான் மக்கர் செய்யும். சர்க்யூட்டைத் திரையில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: மோட்டாருக்கான சுவிட்சாக இருக்கும் ரிலே 170 வோல்ட்டில் இழுக்குமா? எரிந்த ஐசிக்கு மாற்று வாங்க மன்னார்குடியிலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ திருச்சிக்குப் பஸ் ஏறுவதைவிட, திரையில் எரித்துப் பார்ப்பது மேல்.

ஒப்பிட எடுத்துக்கொண்ட சர்க்யூட் இது: 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நான்கு 4007 டயோடு போட்ட பிரிட்ஜ், 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், 12 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் 7812 ரெகுலேட்டர், 555 டைமர் ஐசி, பிசி547 டிரான்சிஸ்டர், 400 ஓம் காயில் உள்ள 12 வோல்ட் ரிலே. ரிலேக்கு 30 மில்லி ஆம்பியர், 555-க்கும் எல்இடிக்கும் சேர்த்து 20. மொத்தம் 50.

முதலில் ஃபால்ஸ்டாட். பிரவுசரிலேயே ஓடும், மொபைலில்கூடத் திறக்கும், கணக்குத் தொடங்க வேண்டாம். மின்னோட்டம் மஞ்சள் புள்ளிகளாக ஊர்ந்துபோவது கண்ணுக்குத் தெரியும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஒரு சோதனை: 555-ன் மூன்றாம் காலிலிருந்து பிசி547-ன் பேஸுக்கு 4.7 கிலோ ஓம் போடுங்கள். ரிலே திடமாக இழுக்கும். அதை 47 கிலோ ஓம் ஆக்குங்கள். பேஸுக்குப் போவது 0.24 மில்லி ஆம்பியர்தான். ஃபால்ஸ்டாட் தானாக வைக்கும் பீட்டா (பேஸ் கரண்டை டிரான்சிஸ்டர் பெருக்கும் மடங்கு) 100, ஆகவே காயிலில் 24 மில்லி ஆம்பியர், அதாவது 9.6 வோல்ட். மீதி வோல்டேஜ் டிரான்சிஸ்டரில் நின்று சூடாகும். ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளைத் தவறாகப் பார்த்து, மஞ்சள்-ஊதா-சிவப்பு எடுக்க வேண்டிய இடத்தில் மஞ்சள்-ஊதா-ஆரஞ்சு எடுத்தால் நடப்பது இதுவே.

குறைகளும் உண்டு. ரிலேயை வைத்தவுடன் அதில் இருக்கும் காயில் ரெசிஸ்டன்ஸ் உங்கள் ரிலேயுடையது அல்ல. திருத்தி 400 ஆக்காவிட்டால் எல்லாக் கணக்கும் பொய். கணக்கிடும் இடைவெளி மைக்ரோ வினாடிகளில் இருப்பதால், 30 வினாடி டைமரை அப்படியே ஓடவிட்டால் பொறுமை போய்விடும். டைம் ஸ்டெப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

170 வோல்ட் கேள்விக்கு எல்டிஸ்பைஸ்தான் சரி. லீனியர் டெக்னாலஜி உருவாக்கியது, 2017 முதல் அனலாக் டிவைசஸ் கையில் இருக்கிறது, இலவசம். டிரான்ஸ்ஃபார்மரை வரைய வேண்டாம். அதன் செகண்டரிக்குப் பதில் 50 ஹெர்ட்ஸ் சைன் சோர்ஸ் போதும். அதன் உச்சம், லைன் வோல்டேஜை 12/230-ஆல் பெருக்கி, மறுபடி 1.414-ஆல் பெருக்கினால் கிடைப்பது. லைன் வோல்டேஜை ஒரு பாராமீட்டராக வைத்து, ஸ்டெப் கட்டளையில் 170, 200, 230, 250 என்று பட்டியல் கொடுங்கள். சோர்ஸோடு வரிசையாகச் சில ஓம் சேர்த்தால் வைண்டிங் ரெசிஸ்டன்ஸும் கணக்கில் வந்துவிடும். 7812 மாடல் இதன் கூடவே வருவதில்லை. அதற்காகத் தேடி அலைய வேண்டாம். அந்த இடத்தில் 50 மில்லி ஆம்பியர் கரண்ட் சோர்ஸை வைத்து, கெப்பாசிட்டரின் மேல் உள்ள வோல்டேஜை மட்டும் பாருங்கள். அலையின் அடிப்பகுதி 14 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் 7812 பிடி தளர்ந்துவிடும்.

170-ல் என்ன வருகிறது? உச்சம் 12.5, இரண்டு டயோடுகள் போக 11, ரிப்பிள் (கெப்பாசிட்டர் மேல் வோல்டேஜ் ஏறி இறங்கும் அளவு) அரை வோல்ட். 7812-ஐத் தாண்டி ரிலேக்குச் சேர்வது ஏறத்தாழ 9. இவ்வகை 12 வோல்ட் ரிலேக்கு டேட்டாஷீட் வழக்கமாகச் சொல்லும் இழுப்பு வரம்பு 75 சதவீதம், அதாவது அதே 9. இழுத்தாலும் இழுக்கும், இழுக்காமலும் போகும். 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மராக மாற்றினால் 170-லும் அடிப்பகுதி 13.7-க்கு அருகில் நிற்கிறது, ரிலே தயங்காது. 250 வந்தால் உச்சம் 23. சிறிய டிரான்ஸ்ஃபார்மர் குறைந்த லோடில் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கும். 25 வோல்ட் கெப்பாசிட்டர் வேண்டாம், 35 வோல்ட் வாங்குங்கள். பெரிய கெப்பாசிட்டர் போட்டால் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வரும் சரிவைச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதையும் ஓட்டிப் பாருங்கள்: 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் 1000 மைக்ரோ ஃபாரட் ஒரு வினாடிக்கு 50 வோல்ட் இறங்கும்.

எல்டிஸ்பைஸில் எல்லோரும் விழும் குழி மெகா ஓம். '1எம்' என்று எழுதினால் அது ஒரு மில்லி ஓம். பெரிய எழுத்தானாலும் சின்ன எழுத்தானாலும் ஒன்றுதான். மெகாவுக்கு 'மெக்' (Meg) என்றே எழுத வேண்டும். கிரவுண்ட் வைக்க மறந்தால் ஓடவே ஓடாது.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது. ரிலே காயிலுக்குக் குறுக்கே 4007 போடாமல் ஓட்டினால், ரிலே அணையும் நொடியில் கலெக்டரில் பல நூறு வோல்ட் பாயும். ஆனாலும் திரையில் பிசி547 சாகாது, அடுத்த சுற்றுக்கும் வேலை செய்யும். அதன் மாடலில் பிரேக்டவுன் (வோல்டேஜ் மீறினால் உடைந்துபோவது) இல்லை என்பதே காரணம். உண்மையான பிசி547 தாங்குவது 45 வோல்ட். சிமுலேட்டர் 'ஓடுகிறது' என்று காட்டுவதை நம்பாமல், ஒவ்வொரு பாகத்தின் உச்ச வோல்டேஜையும் டேட்டாஷீட்டோடு நீங்களே ஒப்பிட வேண்டும்.

கோடு எழுதுபவர்களுக்கு டிங்கர்கேட், வோக்வி இரண்டும். அர்டுயினோ யூனோவும் அல்ட்ராசோனிக் சென்சாரும் வைத்துத் தொட்டி அளவைப் பார்ப்பதானால் டிங்கர்கேட் போதும்; பிரெட்போர்டு கையில் இருப்பதுபோலவே தெரியும். வைஃபை உள்ள ஈஎஸ்பி32 போர்டு அதில் இல்லை. அதற்கு வோக்வி. வைஃபையும் ஓடுகிறது, மோட்டார் நிலையை மொபைலுக்கு அனுப்பும் கோடை போர்டு வாங்காமலே சரிபார்க்கலாம். ஆனால் வோக்வி அனலாக் கணக்குப் போடுவதில்லை. ரெசிஸ்டர் இல்லாத எல்இடி அங்கே சுகமாக எரியும். 70 ஓம் காயில் உள்ள 5 வோல்ட் ரிலேக்கு 71 மில்லி ஆம்பியர் வேண்டும், யூனோவின் ஒரு பின் தாங்கும் உச்ச அளவே 40. இதை வோக்வி சொல்லாது. கோடு சரியா என்று மட்டும் அதனிடம் கேளுங்கள்.

பிசிபி (சர்க்யூட் போர்டு) அடிக்கப்போகிறவர்கள், போர்டு வரையும் மென்பொருளான கைகேட்டிலேயே இருந்துகொள்ளலாம். 2018-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து என்ஜிஸ்பைஸ் என்ற சிமுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. வரைந்த படத்தையே ஓட்டலாம். டிரான்சிஸ்டருக்கு மாடல் இணைக்கும்போது கால் வரிசையைச் சரிபாருங்கள். கலெக்டரும் எமிட்டரும் மாறினால் எரர் வராது, தப்பான விடைதான் வரும்.

தண்ணீரில் இறக்கும் புரோபைப் பொறுத்தவரை ஐந்துமே குருடுதான். தண்ணீர் அவற்றுக்கு வெறும் ரெசிஸ்டர். 1 கிலோ ஓமிலிருந்து 100 கிலோ ஓம் வரை ஸ்டெப் செய்து பாருங்கள்: வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீர் நன்றாகக் கடத்தும், மழைநீர் கடத்துவது சொற்பம். டிசி ஓடினால் புரோப் அரித்துப் போவதை எந்த மாடலும் காட்டாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போடுங்கள், அளக்கும் சில மில்லி வினாடிக்கு மட்டும் வோல்டேஜ் கொடுங்கள். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் விழும் நொடியில் மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆவதும் திரையில் வராது. கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் வரிசையாகப் போட்டு, புரோப் ஒயரை மோட்டார் ஒயரோடு ஒரே பைப்பில் விடாமல் தனியாகக் கொண்டுபோங்கள்.