46,000 ரூபாய்ப் பீச்சாங்குழல்: திருகோணமலையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

போன மாதம் காரின் முன் கண்ணாடிக்கும் ஹெட்லைற்றுக்கும் தண்ணீர் பீச்சுகிற வாஷரைத் திருத்த ஒரு கராஜில் 46,000 ரூபாய் கொடுத்தேன். அந்தக் காசுக்குப் புதிதாக வந்தது என்று நான் கையில் பிடித்துக் காட்டக்கூடியது ஒன்றரை அடி ரியூப் மட்டும்தான். அதுவும் மீன்தொட்டிக்குப் போடுகிற ரியூப்.

கராஜின் பெயரை எழுதவில்லை. அவரும் இதே ஊரில் பிழைக்க வேண்டும், நானும் இதே ஊரில் கார் ஓட்ட வேண்டும். காரின் பெயரையும் விடுகிறேன். 1999 மொடல் ஜெர்மன் கார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த நிறத்தில் திருகோணமலையில் ஒன்றுதான் ஓடுகிறது, சொன்னால் ஆளைப் பிடித்துவிடுவீர்கள்.

கண்டியிலிருந்து இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஹபரணை தாண்டிக் கந்தளாய் வரும்வரை அந்த ரோட்டில் யானை நிற்கும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்றைக்கு யானைக்கு முதல் பூச்சிதான் வந்தது. மழை விட்ட இரவு, கண்ணாடி முழுக்கப் பூச்சி. வாஷர் கையை இழுத்தேன். மோட்டர் "ர்ர்ர்" என்று சத்தம் போட்டது. தண்ணீர் வலது பக்கம் இரண்டு சொட்டு, இடது பக்கம் அதுவும் இல்லை. வைப்பர் மட்டும் காய்ந்த கண்ணாடியில் ஓடி, கோலமாவைக் கரைத்துத் தடவினமாதிரி எல்லாவற்றையும் வெளுக்கப் பண்ணிவிட்டது. மனைவி கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி "மெல்லமாப் போங்கோ, அங்கால கறுப்பா என்னவோ நிக்குது" என்று வழி சொல்லச் சொல்லத்தான் கந்தளாய் வந்து சேர்ந்தோம். அங்கே குடிக்க வைத்திருந்த போத்தல் தண்ணீரை ஊற்றிப் பேப்பரால் தேய்த்தேன். ஹெட்லைற் இரண்டும் பூச்சி அப்பி மஞ்சளாகக் கிடந்தன. இந்தக் காரில் ஹெட்லைற்றைக் கழுவவும் பம்பரில் தனி ஜெற் (தண்ணீர் பீச்சுகிற முனை) இருக்கிறது. அதுவும் வேலை செய்யவில்லை.

அடுத்த நாளே தெரிந்த ஒருவர் சொன்ன கராஜுக்குப் போனேன். பையன் பொனட்டைத் தூக்கினான், ஒருமுறை கையை இழுக்கச் சொன்னான், மூடினான். இரண்டு நிமிடம் இருக்கும்.

"ரெண்டு மோட்டரும் செத்துப் போச்சு அண்ணை. கண்ணாடிக்கு ஒண்டு, ஹெட்லைற்றுக்கு ஒண்டு."

"சத்தம் கேக்குதே தம்பி?"

"சத்தம் வரும் அண்ணை, பிரஷர் வராது."

இதில் முழுப் பொய் இல்லை என்பதுதான் சிக்கல். உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற சிறு விசிறி தேய்ந்தால் மோட்டர் சுற்றும், தண்ணீர் வராது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அடைப்புப் பார்க்க வேண்டும். அவன் ஒரு ரியூபைக்கூடக் கழற்றவில்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

முதலாளி கணக்குச் சொன்னார். மோட்டர் இரண்டு, கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பிக்க வேண்டும், ஜப்பான் ரீகண்டிஷன், ஒன்று 14,500. கண்ணாடிக்கு ஜெற் இரண்டு 6,000. ரியூப் 2,500. முன் சில்லைக் கழற்றி, மட்கார்ட்டின் உள் பிளாஸ்டிக்கை முழுக்க இறக்கித்தான் வேலை, அதனால் கூலி 8,500. நான் 25,000 முற்பணம் கொடுத்தேன். மூன்று நாள் என்றது ஒன்பது நாள் ஆனது. காரை எடுக்கப் போன அன்று கண்ணாடிக்குத் தண்ணீர் நன்றாகவே அடித்தது. ஹெட்லைற்றுக்கு? "அது லைற் போட்டாத்தான் அடிக்கும் அண்ணை, பொழுதுபட்டாப் பாருங்கோ" என்றார். லைற் எரிந்தால்தான் அடிக்கும் என்பது உண்மை. லைற்றைப் பட்டப்பகலிலும் போடலாம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. பில் என்று தந்தது கொப்பித் தாளில் "வாஷர் வேலை 46,000" என்று ஒரு வரி. தேதிகூட இல்லை.

இரவு லைற்றைப் போட்டு இழுத்தேன். ஹெட்லைற் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. முன்பு சத்தமாவது வந்தது. இரண்டு கிழமையில் கண்ணாடிக்கு வந்த தண்ணீரும் சோர்ந்துவிட்டது. போன் எடுத்தால், "உங்கட தண்ணி சரியில்ல அண்ணை."

பக்கத்து வீட்டு மாமா துறைமுகத்தில் மெக்கானிக்காக இருந்து பென்சன் எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை பழைய சாரத்தோடு வந்து, "முதல்ல தண்ணி எவ்வளவு தூரம் வருது எண்டு பாப்பம்" என்றார். பொனட்டின் அடியில் ஜெற்றோடு சேர்கிற ரியூபை உருவினார். "இழும்." ரியூபின் வாயிலேயே சொட்டுத்தான். "அப்ப ஜெற்றில பிழையில்ல. இங்க பாயுது, ஜெற்றால வரேல்ல எண்டால்தான் ஜெற் அடைப்பு." எனக்கு 6,000 ரூபாய் ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்தால் அந்த "புது" ஜெற்றின் வாயைச் சுற்றிச் சுண்ணாம்பு வெள்ளை வளையமாகப் பிடித்திருந்தது, கேத்தலின் அடியில் பிடிக்குமே, அதே மாதிரி. புதிதாக இருந்தது இடது ஜெற்றுக்குப் போகிற, பொனட்டைத் தூக்கியதும் கண்ணில் படுகிற, அந்த ஒன்றரை அடி ரியூப்தான்.

சில்லைக் கழற்றினோம். மட்கார்ட் உள் பிளாஸ்டிக்கின் ஸ்குரூத் தலைகளில் செம்மண் இறுகிக் கல்லாகக் கிடந்தது. மாமா அதை ஆணியால் சுரண்டிக்கொண்டே என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது நாள் அங்கே நின்ற காரின் ஸ்குரூவை ஒருவரும் தொடவில்லை. மோட்டரோடு ஒன்றாக இருக்கிற பம்பின் வாயில் இருந்த ரியூபையும் உருவிப் பார்த்தார். அங்கும் சொட்டு. அப்படியென்றால் ஒன்றில் பம்ப் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது அடைப்பு பம்புக்கும் முன்னால், போத்தலுக்குள்.

வாஷர் போத்தலின் அடியில் ஒரு ரப்பர் வளையம், அதற்குள் செருகினபடி மோட்டர் நிற்கும். மெல்ல ஆட்டி இழுத்தால் வந்துவிடும், ஸ்குரூ ஒன்றும் இல்லை. வளையத்தின் உள்ளே விரல் நுனி அளவு ஒரு வலை. அந்த வலையைக் காணவே முடியவில்லை, பச்சைக் களி அப்பிக் கிடந்தது, அம்மியில் இருந்து வழித்த வல்லாரைச் சம்பல் மாதிரி. மோட்டரைக் கழுவித் திருப்பினால், அடியில் பிளாஸ்டிக்கிலேயே பதிந்த சின்ன வட்டம். சுற்றிவர 1 முதல் 12 வரை மாதங்கள், நடுவில் கடைசி மாதங்களைக் காட்டுகிற அம்புக்குறி, அதன் இரு பக்கமும் ஆண்டைச் சொல்கிற 9, 8. வார்க்கும்போது அச்சிலேயே விழுகிற தேதி அது. அதன் கீழே ஜெர்மனியில் செய்தது என்று எழுத்து. 1999 காரில் 98 கடைசியில் வார்த்த ஜெர்மன் மோட்டர். காரோடு பிறந்தது. அதைத்தான் ஜப்பானிலிருந்து வந்தது என்று எனக்கே விற்றிருக்கிறார்கள். மாமா அதை வாளித் தண்ணீருக்குள் வைத்துப் பட்டரி வயரைத் தொடுத்தார். மதிலுக்கு மேலே பாய்ந்தது.

அப்போ எப்படி அன்றைக்கு நன்றாக அடித்தது? ஜெற் பக்கத்திலிருந்து கொம்பிரசர் காற்றைத் திருப்பி அடித்திருக்கிறார்கள். களி பின்னால் போத்தலுக்குள் போகும், ஒன்றிரண்டு கிழமை தண்ணீர் வரும், பிறகு அதே களி திரும்பி வந்து வலையில் ஒட்டும்.

அந்தக் காற்றுதான் மற்றக் கதையையும் செய்திருக்கிறது. ஹெட்லைற் வாஷருக்கான ஃபியூஸ் இடத்தைப் பார்த்தோம்: வெறும் ஓட்டை. எரிந்த ஃபியூஸ் என்றால் விபத்து என்று விடலாம். ஃபியூஸே இல்லை என்றால் யாரோ பிடுங்கியது. ஏன் பிடுங்கினார்கள் என்பது புது ஃபியூஸ் போட்டுக் கையை இழுத்ததும் தெரிந்தது. பம்பரின் கீழே இருந்து ஒரு சட்டித் தண்ணீர் தொபுக்கென்று ரோட்டில் விழுந்தது. ஹெட்லைற் மோட்டர் கண்ணாடி மோட்டரைவிடப் பலமானது, ஒரு அடியில் நிறையத் தண்ணீர் தள்ளும். காற்று அடித்ததில் பம்பருக்குள் இருக்கிற மூன்று வாய் இணைப்பு கழன்றிருக்கிறது. திருத்தப் பஞ்சி. அடித்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஃபியூஸைப் பிடுங்கி வாயை அடைத்துவிட்டார்கள். இந்த மூளையை வேலையில் காட்டியிருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும்.

இனி என் பிழை. அந்தப் பச்சைக் களியைச் செய்தது நான்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர். வருடக்கணக்காக அதைத்தான் ஊற்றி, நுரைக்கட்டும் என்று உடுப்புத் தோய்க்கிற பவுடரையும் ஒரு பிடி போட்டேன். சுண்ணாம்பும் பவுடரும் சேர்ந்து கட்டி. கச்சான் காற்று மாதங்களில் வெயிலில் நிற்கிற காரின் போத்தலுக்குள் தண்ணீர் இளஞ்சூடாகவே கிடக்கும், பாசி பிடிக்கக் கேட்கவா வேண்டும். மகள் தாதி. கேட்டதும் ஏசினாள். லெஜியனெல்லா என்ற கிருமி இப்படியான இளஞ்சூட்டுத் தண்ணீரில் வளர்ந்து, பீச்சும்போது ஆவித்துளியாக மூச்சுக்குள் போய் நிமோனியா கொண்டுவரலாமாம். வாஷர் மருந்து கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றுகிற வாகனக்காரருக்கு அந்த ஆபத்துக் கூட என்று 2010இல் இங்கிலாந்தில் ஆய்வு வந்திருக்கிறதாம். இப்போது ஆர்.ஓ. (உப்பு நீக்கி வடிகட்டிய) தண்ணீரும் கடையில் விற்கிற வாஷர் மருந்தும்தான். போத்தலில் மைனஸ் 20 பாகைக்கும் உறையாது என்று போட்டிருக்கும். திருகோணமலை உப்புவெளி வெயிலுக்கு அது எதற்கு என்று சிரிக்காதீர்கள், பாசி பிடிக்காமல் இருக்கத்தான்.

ஹெட்லைற் ஜெற்றே குளிர்நாட்டுக்காரனின் ஆடம்பரம், நமக்கு எதற்கு என்று முதலாளியும் ஒரு இடத்தில் சொன்னார். ஐரோப்பிய விதிப்படி 2,000 லூமனுக்கு மேல் வெளிச்சம் தருகிற செனோன் போன்ற லைற்றுக்கு வாஷர் கட்டாயம், ஏனென்றால் அழுக்குப் பிடித்த கண்ணாடி அவ்வளவு வெளிச்சத்தையும் சிதறடித்து எதிரே வருபவனின் கண்ணில் அடிக்கும். எனது லைற் சாதாரண ஹலஜன்தான். ஆனால் அந்த இரவு கந்தளாய் ரோட்டில் நின்ற யானைக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது.

மோட்டரின் அடியில் இருந்த தேதி, மண் இறுகிய ஸ்குரூ, ஃபியூஸ் ஓட்டை, மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். முதலாளி முதலில் பையனைக் கூப்பிட்டு ஏசினார். பிறகு பஞ்சிகாவத்தைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார். தேதிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியதும் எனக்கு ஒரு நெக்டோ சோடா வாங்கி வரச் சொன்னார். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதப் போகிறேன் என்றேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வேலை செய்து தந்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், முதலில் விசாரிக்க 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அடிக்கலாம். எனக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஆனால் தேதியில்லாத கொப்பித் தாளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போவது என்ற யோசனையும் இருந்தது. அது அவருக்கும் தெரிந்திருக்கும். 20,000 திருப்பித் தந்தார். வாங்கிக்கொண்டேன். முழுதாகக் கேட்டிருக்க வேண்டும் என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

அதற்குப் பிறகு ஒரு சின்ன வேலைக்கு வேறு கராஜ் போனபோது, கழற்றுகிற பழைய சாமானை டிக்கியில் போட்டுவிடுங்கள், பில்லில் ஒவ்வொன்றாக எழுதுங்கள் என்று காரை விடும்போதே சொன்னேன். அந்த மெக்கானிக் முகத்தைச் சுளிக்கவில்லை, "அதுதானே முறை ஐயா" என்றார். சொன்ன காசில் 1,200 குறைத்தும் வாங்கினார்.

மாமா கண்ணாடி ஜெற்றுகளைக் கழற்றி ஒரு இரவு வினாகிரியில் ஊறப்போட்டு, வலையைப் பழைய பல்தூரிகையால் தேய்த்து, பம்பருக்குள் இருந்த இணைப்பைக் கிளிப் போட்டு இறுக்கினார். செலவு: ஒரு ஃபியூஸ், ஒரு போத்தல் வினாகிரி, மூன்று கிளிப், மாமாவுக்குச் சாப்பாடு. எல்லாம் இப்போது வேலை செய்கிறது, ஒன்றைத் தவிர. வலது ஹெட்லைற் ஜெற்றுக்குள் அந்தப் பையன் இரும்புக் கம்பியை விட்டுக் குத்தியிருக்கிறான். நுனி முறிந்து உள்ளே நிற்கிறது, எடுக்க முடியவில்லை. தண்ணீர் லைற்றில் படாமல் சரியாகத் தொண்ணூறு பாகையில் ரோட்டோரம் பாய்கிறது. போன வெள்ளிக்கிழமை இரவு ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் மறந்துபோய்க் கையை இழுத்துவிட்டேன். வெள்ளை வேட்டியோடு நடந்து போன அந்த ஐயா இதைப் படித்தால், மன்னிக்க வேண்டும்.