பத்து நாவல் காம்போ விளம்பரம்: கடலூர், புதுவைத் தோழிகள் கவனத்துக்கு

ரொமான்ஸ், சஸ்பென்ஸ் நாவல் படிக்கிற தோழிகளுக்கு, முக்கியமாகக் கடலூர், புதுவைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்தப் பதிவு. "புத்தம் புது நாவல்கள், பத்துப் புத்தகம் 1,299 ரூபாய், புதுச்சேரியிலிருந்து நேரடி விற்பனை" என்று ஒரு விளம்பரம் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குரூப்களிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஐந்து ரொமான்ஸ், ஐந்து சஸ்பென்ஸ், பளபளவென்று அட்டைப் படங்கள். நான் வாங்கினேன். வந்தது அத்தனையும் திருட்டுப் பிரதி. பணமும் திரும்பவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் அந்தப் பக்கத்தின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெயர் கெட்டுப்போனால் நாளைக்கு இன்னொரு பெயரில் வரத்தான் போகிறார்கள்.

பார்சலைப் பிரித்ததும் சந்தேகம் வரவில்லை. அட்டை கெட்டி, லேமினேஷன் செய்தது, முதுகில் தலைப்புகூட இருந்தது. முதல் ரொமான்ஸைத் திறந்தால்தான் தெரிந்தது. ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் பொடி எழுத்தில் 11.42 என்று மணி, பக்கத்தில் செல்போன் பேட்டரி அடையாளம், கீழே கதை எவ்வளவு முடிந்திருக்கிறது என்று 37%. அடுத்த பக்கத்தில் 11.42, 38%. அதற்கடுத்து 11.43. யாரோ ஒருவர் ராத்திரி உட்கார்ந்து ஒரு மின்நூலைப் பக்கம் பக்கமாக ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறார். அதை அப்படியே ஜெராக்ஸ் மிஷினில் அடித்து, கம் வைத்து ஒட்டி, அட்டை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பேட்டரி அடையாளத்தை வெட்டி எடுக்கக்கூட மெனக்கெடவில்லை.

என்னை நிஜமாக வேதனைப்படுத்தியது ஒரு சஸ்பென்ஸ் நாவல். துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் பேக்டரி. அங்கே கணக்கு எழுதுகிறவர் செத்துக் கிடக்கிறார். மாரடைப்பு என்று எல்லோரும் முடித்துவிட, அவர் மகள் மட்டும் நம்பவில்லை. எழுதிய விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரத்தம், வெட்டுக்குத்து என்று மிரட்டாமல், கணக்கு நோட்டில் கிழிந்துபோன ஒரு தாளை வைத்தே பயத்தைக் கூட்டிக்கொண்டு போகிறார். கடலூர் முதுநகர்ப் பக்கம் ஐஸ் உடைக்கிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஈரமும் மீன் வாடையும் மூக்கில் ஏறும். மூன்று பேர் மேல் சந்தேகம். அந்தப் பெண் ராத்திரியில் ஐஸ் அறைக் கதவைத் தள்ளித் திறக்கிறாள், உள்ளே டார்ச் வெளிச்சம். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் பின் அட்டை. கீழே பார்த்தேன், 92% என்று இருந்தது. ரொமான்ஸில் கடைசி இரண்டு பக்கம் காணாமல் போனாலும் அவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். சஸ்பென்ஸில் அந்த எட்டு சதவீதத்துக்காகத்தானே மீதித் தொண்ணூற்றிரண்டையும் படிக்கிறோம்?

எழுதியவரைத் தேடிப் பிடித்து மெசேஜ் அனுப்பினேன். தென்மாவட்டத்தில் இருக்கிற குடும்பத் தலைவி. பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதுகிறவர். அவர் சொன்ன பதில் இதுதான்: "அக்கா, இந்தக் கதை இன்னும் புத்தகமா வரவே இல்லையே. மின்நூல் மட்டும்தான் போட்டிருக்கேன்." நான் அட்டையைப் படம் எடுத்து அனுப்பியதும் கொஞ்ச நேரம் அவரிடமிருந்து பதிலே இல்லை. பிறகு, "என் பேரைக்கூட தப்பா போட்டிருக்காங்க அக்கா" என்றார். நான் மின்நூலை விலை கொடுத்து வாங்கி முடிவைப் படித்தேன். கொலைகாரன் இரண்டாவது அத்தியாயத்திலேயே நம் கண் முன்னால் வந்துபோனவன்தான். வாசலில் கழற்றிப்போட்ட ஈர ரப்பர் செருப்பை அங்கேயே சொல்லியிருக்கிறார், நமக்குத்தான் தட்டவில்லை. இப்படிக் கடைசியில் திடீரென்று ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தாமல், முதலிலிருந்தே நியாயமாக விளையாடுகிற சஸ்பென்ஸ் எனக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கிறது. அந்த அம்மாவுக்குச் சேரவேண்டிய காசை இன்னொருவர் பையில் போட்டுக்கொண்டார் என்பதுதான் எனக்கு 1,299 ரூபாயைவிடப் பெரிய ஆத்திரம்.

அடுத்தது இன்னும் மோசம். வேறு வேறு தலைப்பு, வேறு வேறு அட்டை, ஆனால் கதை ஒன்றே. ஒரு புத்தகத்தில் நாயகி பெயர் மதி, இன்னொன்றில் யாழினி. கம்ப்யூட்டரில் ஒரு பெயரைத் தேடி இன்னொரு பெயரை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அது கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் மாற்றிவிட்டது. "அன்றிரவுதான் அவள் நிம்யாழினியாகத் தூங்கினாள்" என்று இருந்தது. "மாமியாரிடம் அனுயாழினி கேட்டாள்" என்று ஒரு வரி. நிம்மதியும் அனுமதியும் என்ன ஆனது என்று புரிகிறதல்லவா? இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துப் புகாரில் இணைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அந்தக் கதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டாயத் தாலி, கன்னத்தில் அறை, பிறகு ஒரே மழையில் மன்னிப்பு. ஆன்டி ஹீரோ கதைகளுக்குத் தனி வாசகிகள் உண்டு, அது அவரவர் விருப்பம். அடித்தவன் ஏன் மாறினான் என்று ஒரு பக்கமாவது எழுதாமல் அவளை அவன் தோளில் சாயவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே பார்சலில், நாற்பது தாண்டிய டெய்லர் அக்காவுக்கும் மனைவியை இழந்த பஸ் கண்டக்டருக்கும் இடையே மெல்ல மெல்ல வளரும் ஒரு கதை இருந்தது. இருவரும் கடைசிவரை "நீங்க, வாங்க" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள், ஆனாலும் அத்தனை அன்பு. அதையும் ஒழுங்கான பிரதியாக வாங்கிப் படிக்க வேண்டும்.

மீதிப் புத்தகங்களில் சில, பழைய கதைகளுக்குப் புது அட்டை. "புதிய வெளியீடு" என்று போட்டிருக்கிறது. உள்ளே நாயகன் டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்கிறான், நாயகிக்குத் தந்தி வருகிறது. தந்தி சேவையே 2013 ஜூலையில் நின்றுபோனது. பழைய கதை படிப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பழசைப் புதுசு என்று விற்றதுதான் குற்றம். கதை பழசு என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடவும் முடியாது. எழுதியவர் காலமாகி 60 ஆண்டு வரைக்கும் பதிப்புரிமை உண்டு. காசுக்காகத் தெரிந்தே திருட்டுப் பிரதி விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்கிறது சட்டம்.

பில்லையும் பாருங்கள். எனக்கு வந்த பில்லில் "ஜிஎஸ்டி 18%" என்று தனியாகப் பிடித்திருந்தார்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டியே கிடையாது, பூஜ்யம். ஜிஎஸ்டி எண்ணும் பில்லில் எங்கும் இல்லை. புத்தக பில்லில் ஜிஎஸ்டி போட்டு வந்தால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் கேட்டபோது முதலில் பணிவாகத்தான் பேசினார்கள். "சிஸ்டர், அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா?" இல்லை என்றதும், "வீடியோ இல்லாம ரிட்டர்ன் எடுக்க மாட்டோம், அது பாலிசி." "தம்பி, கொரியர்ல உடைஞ்சதுன்னா வீடியோ கேக்கலாம். பக்கமே இல்லாத புத்தகத்துக்கு வீடியோ எதுக்கு?" என்று கேட்டேன். உடனே குரல் மாறி, "சரி, ரீஃபண்ட் போடறோம், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்று ஒரு படம் வந்தது. தோழிகளே, இந்த இடத்தில்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் போடவே வேண்டியதில்லை. பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகும், வராது. நான் ஸ்கேன் செய்யவில்லை. அன்று மாலையே என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

லாஸ்பேட்டையில் இருக்கிற என் தங்கை, பில்லில் இருந்த புதுச்சேரி முகவரியைத் தேடிப் போய்ப் பார்த்தாள். "அக்கா, அந்த நம்பர்ல பல் ஆஸ்பத்திரிதான் இருக்கு. புத்தகக் கடை எப்பவுமே இருந்ததில்லையாம்" என்று போன் செய்தாள். டிராக்கிங்கைப் பார்த்தால் பார்சல் புதுச்சேரியிலிருந்து கிளம்பவே இல்லை. நம் பக்கத்து ஊர் என்று நம்பட்டும் என்றே அந்தப் பெயரைப் போட்டிருக்கிறார்கள்.

இனி என்ன செய்யலாம் என்றால், பணம் போனதும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். முக்கியமாக அந்த க்யூஆர் வழியாகப் பணம் இழந்தவர்கள் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். தரமில்லாத பொருள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். விற்றவர் புதுச்சேரி முகவரி கொடுத்திருக்கிறார், அது வேறு அரசாங்கம், அங்கே போய் அலைய வேண்டுமே என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கவலையே வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே, அதாவது கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்குமான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுவரை அவகாசம் உண்டு. 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்னபடி பொருள் இல்லாவிட்டால் விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கவே கூடாது. வீடியோ இருந்தால்தான் என்று அதில் எங்கும் இல்லை.

வாங்குவதற்கு முன்னால், விளம்பரத்தில் இருக்கிற ஏதாவது ஒரு நாவலை எழுதியவரின் பக்கத்தில் போய், அச்சில் வந்திருக்கிறதா, எந்தப் பதிப்பகம் என்று ஒரு வரி கேளுங்கள். பெரும்பாலான எழுத்தாளர்கள் பதில் சொல்கிறார்கள், சந்தோஷமாகவே சொல்கிறார்கள். விற்பவரிடம் பதிப்பக விவரம் இருக்கிற உரிமைப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தின் அடையாள எண், 978 அல்லது 979 என்று தொடங்கி 13 இலக்கம் இருக்கும். என் பத்துப் புத்தகத்திலும் பின் அட்டையில் ஒரே எண். மாத நாவல்கள் பலவற்றுக்கு இந்த எண்ணே இருக்காது, அதனால் எண் இல்லை என்பதற்காக மட்டும் யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள்.

செலவு குறைய வேண்டும் என்றால் நம் பக்கத்திலேயே வழி இருக்கிறது. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய நாவல்கள் கிடைக்கும். கையில் எடுத்துக் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம். நெய்வேலி புத்தகக் கண்காட்சி வரும்போது பதிப்பகத்தாரிடமே தள்ளுபடியில் வாங்கலாம். கடலூர் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, புதுவைக்காரர்களுக்கு 1827 முதல் இருக்கிற ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது.

உங்களில் யாருக்காவது இதே மாதிரி பார்சல் வந்திருந்தால் மேல் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் இருக்கிற டிராக்கிங் எண், எந்த ஊரில் புக் ஆனது என்ற முத்திரை, பணம் போன யுபிஐ ஐடி, அவர்கள் பிளாக் செய்வதற்கு முன்னால் நடந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், இவ்வளவையும் எடுத்து வையுங்கள். எனக்குத் தனிச்செய்தி அனுப்பினால் என் புகார் எண்ணைத் தருகிறேன். அதைக் குறிப்பிட்டு உங்கள் ஊரிலிருந்தே நீங்களும் தனியாகப் புகார் பதியலாம். அந்த ஐஸ் பேக்டரி நாவலின் எழுத்தாளரும் தன் பக்கமிருந்து போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.