ஸ்வீடன் வேலை: "அங்கே வரி அதிகம்" என்று சொல்லிச் சம்பளத்தில் கை வைக்கிறார்கள்

கன்சல்டன்சி மூலம் ஸ்வீடனுக்கு ஐடி வேலைக்கு வரப்போகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எனக்கு மாதம் 45,000 குரோனர் என்று மின்னஞ்சலில் எழுதிக் கொடுத்தார்கள். ஒப்பந்தம் வந்தபோது அதில் இருந்தது 34,240. கேட்டதற்கு, "அது வரி அதிகமான நாடு சார், பிடித்தம் போக வருவது இது" என்று பதில். அந்த ஊர் வரிக் கணக்கை நெட்டில் போட்டுப் பார்த்தால் 45,000-க்கு உண்மையிலேயே 34 ஆயிரத்துச் சொச்சம்தான் கையில் வரும் என்று காட்டும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வேலையில் சேர்ந்து முதல் சம்பளச் சீட்டு வந்தது, அந்த 34,240-லிருந்து மறுபடியும் வருமான வரி பிடித்துக் கையில் கொடுத்தது ஏறக்குறைய 27,000.

என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? ஸ்வீடனில் ஒருவரை வேலைக்கு வைக்கும் முதலாளி, அவருடைய சம்பளத்துக்கு மேல் 31.42 சதவீதம் சமூகப் பங்களிப்பாக அரசுக்குக் கட்ட வேண்டும். ஓய்வூதியம், நோய்க்கால உதவி, பிள்ளை பிறந்தால் கிடைக்கும் விடுப்புப் பணம் எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. அது முதலாளி கட்ட வேண்டிய பணம், நம் சீட்டில் பிடித்தமாக வரவே கூடாது. 34,240-ஐ 1.3142-ஆல் பெருக்கிப் பாருங்கள், 45,000 வந்து நிற்கும். நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவை என் சம்பளம் என்று சொல்லி ஆள் எடுத்திருக்கிறார்கள்.

வரி மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. உள்ளாட்சி வரி சராசரியாக 32 சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஆனால் உழைத்துச் சம்பாதிப்பவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு என்பதால் நடுத்தரச் சம்பளத்தில் உண்மையில் போவது ஐந்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். மத்திய அரசின் 20 சதவீத வரி, 2025 கணக்குப்படி மாதம் சுமார் 53,000-க்கு மேல் வாங்கினால்தான், அதுவும் மேலே உள்ள பகுதிக்கு மட்டும். பள்ளிக்குக் கட்டணம் இல்லை, குழந்தைக்கு மாதம் 1,250 குரோனர் வருகிறது. கட்டுகிற வரி எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரிகிற நாட்டின் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

இன்னொன்று, அங்கே குறைந்தபட்ச ஊதியச் சட்டம் கிடையாது. தொழிற்சங்கமும் முதலாளிகளும் போடும் கூட்டு ஒப்பந்தம்தான் எல்லாம். என்னை எடுத்த நிறுவனத்துக்கு அப்படி ஒப்பந்தமே இல்லை. வேலை அனுமதிக்கான குறைந்தபட்சச் சம்பள வரம்பு 2025 ஜூனில் 29,680 குரோனராகத்தான் இருந்தது, ஆகவே 34,240 அந்த வரம்பைத் தாராளமாகத் தாண்டிவிட்டது. அப்புறம் என் அனுமதி அந்த நிறுவனத்தோடு கட்டுண்டிருந்தது, உடனே வேறு இடம் தாவவும் வழியில்லாமல் போனது.

"இந்தத் தொகை வரிக்கு முந்தைய என் சம்பளமா, உங்கள் பங்களிப்பும் சேர்ந்ததா?" என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். வருடத்துக்கு 25 நாள் விடுப்புச் சட்டப்படி உண்டு, அதற்கான பணத்தையும் அதே தொகைக்குள் அடைக்கிறார்களா என்று பாருங்கள். 2019-லிருந்து ஒவ்வொரு முதலாளியும் மாதாமாதம் ஆள்வாரியாக வரித்துறைக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும், வரித்துறைத் தளத்தில் நுழைந்தால் உங்கள் பெயரில் என்ன காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். சங்கத்தில் முதல் மாதமே சேர்ந்துவிடுங்கள், சேருவதற்கு முன் தொடங்கிய தகராறுகளைப் பொதுவாக அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை.