1541 டிரைவ் "டெஸ்ட் பண்ணது"ன்னு சொன்னா அப்படியே நம்பி டிஸ்க்கை உள்ள விட்டுடாதீங்க

எண்பதுகள்ல வந்த கொமடோர் 64 வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 1541 ஃப்ளாப்பி டிரைவ் தேடிட்டு இருக்கறவங்க வாங்குறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு இதைப் படிச்சிடுங்க. எனக்கு 85 யூரோ போச்சு, ஆனா காசு போனதுக்காக இவ்ளோ நீளமா எழுத மாட்டேன்.

நான் ஜெர்மனில ஹானோவர் பக்கம் இருக்கேன். இங்க இந்த மெஷினுக்கெல்லாம் பஞ்சமே இல்ல, கொமடோரோட ஃபேக்டரியே பக்கத்துல பிரவுன்ஷ்வைக்ல தான் இருந்துச்சு. எங்க பில்டிங்ல கீழ் வீட்டுல ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டினவர், வீட்டைக் காலி பண்ணிட்டு மக வீட்டுக்குப் போறப்ப அவரோட கொமடோரையும் ஒரு டப்பா நிறைய ஃப்ளாப்பியையும் என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. டிரைவ் கெட்டுப்போய் எப்பவோ தூக்கிப் போட்டாச்சாம். அந்த டப்பால ஒரு டிஸ்க்கு மட்டும் தனியா கவர் போட்டு வச்சிருந்தாரு, 1987ல மகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுக்க அவரே பேசிக்ங்கற கம்ப்யூட்டர் மொழில எழுதுன புரோக்ராம்கள். "முடிஞ்சா ஓட வைங்க, அவகிட்ட காட்டணும்"னு கேட்டாரு. அதுக்காகத்தான் டிரைவ் தேட ஆரம்பிச்சேன்.

ஆன்லைன்ல ஒரு ஆள் போட்டிருந்தான், டெஸ்ட் பண்ணியாச்சு, ஹெட் (டிஸ்க்கைப் படிக்கற முனை) கிளீன் பண்ணியாச்சு, பிரமாதமா ஓடுதுன்னு. படத்துல டிரைவ்ல பச்சை லைட் எரியுது, பின்னாடி டிவில டைரக்டரி, அதாவது டிஸ்க்குல இருக்கற ஃபைல்களோட லிஸ்ட், அழகா தெரியுது. கேட்டதுக்கு எல்லா டிஸ்க்கும் படிக்குதுன்னான். பணத்தை நண்பர்களுக்கு அனுப்புற மோட்ல அனுப்பினா அஞ்சு யூரோ குறைச்சுக்கறேன்னான், அனுப்பிட்டேன். அந்த மோட்ல வாங்குறவங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது, அது எனக்கும் தெரியும், ஆனா ஆள் மரியாதையா பேசினதுல யோசிக்கல.

பார்சல் வந்துச்சு. இந்த டிரைவ் புதுசா வித்தப்ப, போற வழில ஹெட் அடிபடாம இருக்க வாயில ஒரு அட்டை சொருகித்தான் அனுப்புவாங்க, விவரம் தெரிஞ்சவன் இன்னிக்கும் ஒரு அட்டையோ பழைய டிஸ்க்கோ வச்சுத்தான் அனுப்புவான். இதுல ஒண்ணும் இல்ல. அதுகூடப் பரவால்ல, படத்துல இருந்த டிரைவ்ல கதவை அமுக்கி மூடுற மாதிரி இருந்துச்சு, வந்ததுல திருப்புற லீவர் இருக்கு. முதல்ல சொன்னது அல்ப்ஸ் கம்பெனி பண்ண மெக்கானிசம், ரெண்டாவது நியூட்ரானிக்ஸ் கம்பெனியோடது, இந்த ரெண்டாவதுல ஹெட் அடிக்கடி செத்துப்போகும்னு ரிப்பேர் பண்றவங்க எல்லாரும் சொல்வாங்க. கேட்டேன். "என்கிட்ட நாலஞ்சு இருக்கு, எல்லாமே டெஸ்ட் பண்ணதுதான், ரெண்டும் ஒண்ணுதான்"னு பதில்.

ஆன் பண்ணேன், பச்சை லைட் வந்துச்சு, சிவப்பு லைட்டு எரிஞ்சு மோட்டார் ஒரு நொடி சுத்தி ரெண்டும் நின்னுச்சு. இது நல்ல அறிகுறிதான், ஆனா எதுக்கு நல்ல அறிகுறின்னு புரிஞ்சுக்கணும். 1541 வெறும் டிரைவ் இல்ல, உள்ளயே தனியா ஒரு 6502 பிராசஸர், 2 கேபி ராம், 16 கேபி ரோம்ல, அதாவது படிக்க மட்டுமே முடியற சிப்புல, டிரைவை ஓட்டற டாஸ்ங்கற சாஃப்ட்வேர், எல்லாம் இருக்கற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அந்த லைட்டு அந்தக் கம்ப்யூட்டர் முழிச்சிருச்சுன்னு மட்டும்தான் சொல்லுது. ஹெட் டிஸ்க்கைத் தொடுதா, படிக்குதாங்கறதுக்கும் அந்த லைட்டுக்கும் சம்பந்தமே இல்ல. பாதிப் பேர் இதை வச்சுத்தான் "ஓடுது"ன்னு விக்கிறான்.

முதல்ல என்கிட்ட இருந்த ஒரு கேம் டிஸ்க்கைப் போட்டு டைரக்டரியைக் கேக்கற கட்டளை லோடு "$",8 அடிச்சேன். கடகடகடன்னு சத்தம், சிவப்பு லைட்டு சிமிட்டுது, ஃபைல் நாட் ஃபவுண்ட். அந்தச் சத்தம் இந்த டிரைவுக்கு இயல்புதான், முதல் டிராக் (டிஸ்க்குல டேட்டா எழுதற வட்டப் பாதை) எங்க இருக்குன்னு பார்க்கற சென்சார் இதுல கிடையாது, ஹெட்டைப் பின்னாடி இழுத்து முட்ட விட்டுத்தான் கண்டுபிடிக்கும். அவனுக்கு எழுதினேன். "உங்க டிஸ்க்கு பழசா இருக்கும், வேற போட்டுப் பாருங்க, டிரைவ் நூறு சதவீதம் ஓகே"ன்னான்.

நான் நம்பினேன். டிஸ்க்குதான் கெட்டதுன்னு நினைச்சு பெரியவரோட டிஸ்க்கை எடுத்துப் போட்டேன், ஒரு தடவை இல்ல, அஞ்சாறு தடவை முயற்சி பண்ணேன். பேப்பரைச் சுரண்டுற மாதிரி ஒரு சத்தம் கேட்டப்பத்தான் வெளிய எடுத்தேன். ஜன்னல் மாதிரி திறந்திருக்கற எடத்துல பார்த்தா மேல் பக்கம் வட்டமா ஒரு கீறல், பழுப்புப் பூச்சு உரிஞ்சு பின்னாடி வெளிச்சமே தெரியுது.

அடியில இருக்கற நாலு ஸ்க்ரூவைக் கழட்டித் திறந்து பார்த்தேன். 1541ல ஹெட்டு கீழ்ப்பக்கம்தான் இருக்கும், மேல ஒரு கை மாதிரி இருந்து அதோட நுனியில ஒட்டின சின்னக் கம்பளித் துண்டு டிஸ்க்கை ஹெட் மேல மெதுவா அமுக்கும். அந்தத் துண்டு இல்ல. அந்த எடத்துல குளூ கன்ல வச்ச பசை, கட்டியா காஞ்சு கெட்டியா நிக்குது. அதாவது கம்பளி விழுந்தது யாருக்கோ தெரிஞ்சிருக்கு, பசை வச்சு ஒட்டியிருக்காங்க, அது மறுபடி விழுந்திருக்கு. அந்தப் பசைக் கட்டிதான் டிஸ்க்கை உழுதிருக்கு. பெரியவர் அந்தக் காலத்துல எல்லாரும் பண்ண மாதிரி ஓரத்துல இன்னொரு வெட்டு வெட்டி, டிஸ்க்கைத் திருப்பிப் போட்டு ரெண்டு பக்கமும் உபயோகிச்சிருக்காரு, மகளுக்கு எழுதினது எல்லாம் பின்பக்கம். உரிஞ்சதும் அந்தப் பக்கம்தான்.

டைரக்டரி கேட்டா டிரைவ் போய் நிக்கிறது 18ஆவது டிராக், அங்கதான் ஃபைல் பேரெல்லாம் இருக்கும். மொத்தம் 35 டிராக், கீறல் சரியா நடுவுல, 16லேர்ந்து 20 வரைக்கும் போயிருச்சு. டாஸ் ஃபைலை எழுதறப்பவும் 18க்குப் பக்கத்துல இருந்துதான் ஆரம்பிக்கும், அதனால அவர் முதமுதல்ல எழுதின புரோக்ராம்தான் மொதல்ல போயிருக்கு. ஒரு நண்பர் அவரோட நல்ல டிரைவை ஜூம்ஃப்ளாப்பிங்கற அடாப்டர் மூலமா பிசில இணைச்சு மிச்ச டிராக்கைப் படிச்சுக் குடுத்தாரு. டிராக்கை சின்னச் சின்ன துண்டா பிரிச்சு வச்சதுதான் செக்டார், ஃபைலோட ஒவ்வொரு செக்டார்லயும் முதல் ரெண்டு பைட்டு அடுத்த செக்டார் எங்கன்னு சொல்லும், அதைப் பிடிச்சுப் பிடிச்சுப் போய் நாலு புரோக்ராமை மீட்டோம். பேரில்லாத நாலு ஃபைல். பெரியவர்கிட்ட போன்ல சொன்னேன், கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "ஏழாம் வாய்ப்பாடு இருக்கா"ன்னு கேட்டாரு. இல்ல.

வித்தவன் பசைப் படத்தை அனுப்பினதும் "தனிநபர் விற்பனை, ரிட்டர்ன் கிடையாது"ன்னு ஒரு வரி போட்டு பிளாக் பண்ணிட்டான். இந்த நாட்டுச் சட்டப்படி தனிநபர் அப்படிப் போடலாம், ஆனா தெரிஞ்சே குறையை மறைச்சா அந்த வரி செல்லாது. ரிஜிஸ்டர் தபால் அனுப்பியிருக்கேன், பார்ப்போம்.

வாங்குறவங்க வீடியோ கேளுங்க, நடுவுல கட் பண்ணாத வீடியோ. டிரைவோட அடியில இருக்கற சீரியல் நம்பரைக் காட்டிட்டு அப்படியே ஒயர் மாட்டி டைரக்டரி எடுத்து ஒரு ஃபைலையும் லோடு பண்ணிக் காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னா விட்டுடுங்க, வேற கிடைக்கும். அமெரிக்காலேர்ந்து வாங்கினா 120 வோல்ட்டு, அதை நம்ம ஊரு பிளக்குல நேரா சொருகிடாதீங்க. வீட்டுக்கு வந்ததும் ஆன் பண்றதுக்கு முன்னாடியே திறந்து அந்தக் கம்பளித் துண்டு இருக்கான்னு பாருங்க, ஹெட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைங்க, போனாலும் பரவால்லங்கற டிஸ்க்கைப் போட்டு ஓட்டி ரெண்டு பக்கமும் வெளிச்சத்துல பாருங்க. கோடு விழலேன்னா மட்டும் அடுத்தது.

நேத்து பார்த்தேன், அதே ஆள் வேற பேர்ல அதே படத்தைப் போட்டு 95 யூரோன்னு மறுபடி விக்கிறான். பழுப்புக் கட்டம் போட்ட மேஜைத் துணி, டிவியோட வலது மூலையில ஒரு மஞ்சள் ஸ்டிக்கர், அமுக்கி மூடுற கதவு இருக்கற டிரைவ். அந்தப் படத்தைப் பார்த்தா வாங்காதீங்க.